தகரத்துக்கென்று தனி உராய்வு கிடையாது

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு இந்த வாக்கியம் தூக்கத்திலும் வரும்: "உராய்வுக் குணகம் மியூவாகவுள்ள கரடான தளமொன்றின் மீது துணிக்கையொன்று ஓய்விலுள்ளது." ரியூட்டரி வாங்கில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்து இதை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. துணிக்கை எதனால் ஆனது என்று அந்த வாக்கியம் ஒருநாளும் சொன்னதில்லை. மியூ தளத்துக்குச் சொந்தம், துணிக்கை அதன் மீது வந்து குந்திய விருந்தாளி. பரீட்சைக்கு அது போதும். கணக்கில் ஒரு துணிக்கை, ஒரு தளம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழக்கம் மண்டைக்குள் படிந்துபோய்ப் பதினைந்து வருடம் கழித்துக் கொடிகாமத்தில் சின்ன மாமாவின் மில்லில் நெல்லைச் சிக்க வைத்தது.

மில் பெரியதல்ல. ஒரு தகரக் கொட்டகை, நெல் குத்துகிற மெஷின், பக்கத்தில் மிளகாய்த்தூள் அரைக்கிற மெஷின். உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் தும்மல் வராவிட்டால் நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை. நெல் மெஷினுக்கு மேலே கூம்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. சாக்கை அதற்குள் கவிழ்த்தால் நெல் சரிந்து கீழ்வாயால் மெஷினுக்குள் இறங்கும். நாலு பக்கமும் பலகையால் செய்த பழைய தொட்டி. அதில் இரண்டு பக்கம் உக்கிவிட்டது. உக்கிய இரண்டையும் தகரத்தில் மாற்றி, நல்ல பலகைகளை அப்படியே விடுவது மாமாவின் திட்டம். கூடவே இன்னொரு ஆசை: தொட்டியைச் சற்றுப் படுக்க வைத்தால் அதன் வாய் பதிவாக வரும், சாக்குத் தூக்குகிற பெடியன்களுக்குத் தோள் நோகாது.

"தம்பி, நீர் கம்ப்யூட்டரில் மண் சரிகிறதை எல்லாம் செய்து பார்க்கிறீராம் என்று அக்கா சொன்னார். இந்தத் தொட்டியையும் ஒருக்கால் பாரும். எவ்வளவு படுக்கலாம்?"

நான் படித்தது பொறியியல், பிழைக்கிறது மென்பொருளில். துணிக்கை உருவகப்படுத்தல் எனக்குப் பொழுதுபோக்கு, வேலைக்கும் சில வேளை உதவும். இந்தத் துறையின் மூலப் பாடம் 1979இல் பீற்றர் கண்டோலும் ஓட்டோ ஸ்ட்ராக்கும் எழுதிய கட்டுரை. யோசனை மிக எளிது. ஒவ்வொரு மணியையும் ஒரு பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பந்துகள் முட்டினால் இடையில் ஒரு விற்சுருள் முளைக்கிறது, அது அவற்றை விலக்கித் தள்ளுகிறது. முட்டிய இடத்தில் பக்கவாட்டிலும் ஒரு விற்சுருள் முளைக்கிறது. பந்து நழுவப் பார்த்தால் அது இழுபட்டு எதிர்க்கும். இழுவை, இரண்டையும் சேர்த்து அழுத்துகிற செவ்வன் விசையின் மியூ மடங்கைத் தாண்டியதும் பிடி விட்டுப்போகிறது, பந்து நழுவுகிறது. பள்ளிக்கூடத்து எல்லை உராய்வுதான், ஆனால் ஒரு செக்கனில் இலட்சக்கணக்கான தடவை, ஒவ்வொரு தொடுகைக்கும் தனித்தனியாக. தொடுகை நீடிக்கும் வரை அந்தப் பக்கவாட்டு விற்சுருள் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதை நிரல் ஞாபகம் வைத்திருக்கும். தொடுகை அறுந்தால் ஞாபகமும் அழிந்துவிடும்.

ஒரு கிலோ நெல்லில் ஏறத்தாழ 40,000 மணிகள். சாக்குக் கணக்கில் என் மடிக்கணினியால் முடியாது. மணியைப் பெருப்பித்து 20,000 பந்துகளாக்கினேன். பிறகு பொருள்களின் பட்டியல். நெல், தகரம், பலகை என்று மூன்று வரிகள், வரிக்கு ஓர் உராய்வு எண். நெல்லுக்கு 0.70 போட்டேன், குவித்த நெல் நிற்கிற சரிவைப் பார்த்துப் போட்டது அது. தகரத்துக்கு 0.30, பலகைக்கு 0.40. அந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்காதீர்கள். யாரோ எப்போதோ வேறு எதற்கோ எழுதிய மாதிரிக் கோப்பில் இருந்தவை. நெல்லும் தகரமும் தொட்டால் எந்த எண்ணை எடுப்பது? இரண்டில் சிறியதை நிரல் தானாகவே எடுத்துக்கொண்டது. நான் அதைப் பற்றி யோசிக்கவேயில்லை.

திரையில் நெல் தண்ணீர் மாதிரி இறங்கியது. நாலு பக்கமும் கிடையிலிருந்து 35 பாகை போதும் என்று மாமாவுக்குச் சொல்லிவிட்டேன். பட்டறை அண்ணை இரண்டு நாளில் தகரம் வெட்டி ஒட்டிப் பூட்டிக் கொடுத்தார்.

முதற் சாக்கு பாதி இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. நடுவில் ஒரு குழி, மூலைகளில் கைமுழ உயரத்துக்கு நெல் அசையாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. பெடியன் ஒருவன் பனைமட்டையால் குத்திக் குத்தி இறக்கினான். மாமா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கம்ப்யூட்டருக்கு நெல் விளங்காது போல" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

மூலையைப் பாருங்கள், விசயம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 35 பாகை சரிந்திருந்தாலும் இரண்டு பக்கம் கூடுகிற மூலைக்கோடு அதைவிடப் படுத்திருக்கும். கணக்குப் போட்டால் 26 பாகை வருகிறது. என்னுடைய 0.30க்கு உரிய உராய்வுக் கோணம், அதாவது வழுக்கத் தொடங்குகிற சரிவு, 17 பாகைக்குள், 0.40க்கு உரியது 22 பாகைக்குள். அந்த எண்கள் சரியாக இருந்திருந்தால் நெல் மூலையாலும் வழுக்கி இறங்கியிருக்கத்தான் வேண்டும். ஆகவே எண்கள் பிழை. எவ்வளவு பிழை என்று பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை கோண்டாவில் வீட்டு விறாந்தையில் பலகையும் பாகைமானியுமாகக் குந்தினேன்.

செய்முறை பள்ளிக்கூடத்துச் சாய்தளம்தான். தகரத் துண்டு ஒன்றைப் பலகையில் அறைந்து, ஒரு முனையை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். எப்போது வழுக்குகிறதோ அந்தக் கோணத்தின் தான்சன்தான் மியூ. ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. நெல்லைச் சும்மா தூவிவிட்டு உயர்த்தினால் மணிகள் வழுக்காமல் உருண்டு ஓடிவிடும், கோணம் குறைவாகக் காட்டும். அதனால் அடி இல்லாத சிறு சட்டப் பெட்டிக்குள் நெல்லை நிரப்பி, பெட்டியின் விளிம்பு தகரத்தில் முட்டாமல் ஒரு மயிரளவு தூக்கிவிட்டு, பெட்டியும் நெல்லுமாகச் சேர்ந்து வழுக்கும் வரை உயர்த்த வேண்டும். பத்துத் தடவை செய்தேன். நெல் தகரத்தில் 24 பாகை. மியூ 0.445. மில்லிலிருந்து கொண்டுவந்த பழைய பலகையில் 29 பாகை. மியூ 0.55. அதே பலகையை மரநாருக்குக் குறுக்காகத் திருப்பி வைத்தால் இன்னும் ஓரிரு பாகை கூடியது. அதை அன்றைக்குக் கண்டும் காணாமல் விட்டேன்.

மூலை 26. தகரம் 24, பலகை 29. தகரத்தோடு சேர்ந்த பக்கம் மயிரிழையில் தப்பும், பலகைப் பக்கம் தப்பவே தப்பாது. மில்லில் நெல் ஒட்டி நின்றது பலகைப் பக்கத்தில்தான். அன்று அதை நான் பார்த்தேன், ஆனால் கவனிக்கவில்லை.

இனி ஒரு கேள்வி. பிழை வெறும் எண்களில்தானா? 0.30க்குப் பதிலாகத் தகரத்துக்குச் "சரியான" எண்ணைப் போட்டிருந்தால் தப்பியிருப்பேனா? சரியான எண் எது? தகரம் என்பது உருக்குத் தகடுதானே. உலர்ந்த சுத்தமான உருக்கு உருக்கின் மீது வழுக்க, பாடப் புத்தகங்கள் தருகிற நிலையியல் உராய்வு 0.74. நெல் நெல்லின் மீது 0.70 என்று வைத்தோம். இந்த இரண்டையும் கலந்து நெல்லுக்கும் தகரத்துக்கும் இடையிலான எண்ணைப் பெற முயன்று பாருங்கள். சிறியதை எடுத்தால் 0.70. சராசரி 0.72. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாலும் 0.72. வெறுமனே பெருக்கினால் 0.52. உண்மை 0.445. ஒன்றும் கிட்ட வரவில்லை. நெல்லின் உமி தகரத்தில் வழுக்குவது, நெல் நெல்லோடும் தகரம் தகரத்தோடும் வைத்திருக்கிற உறவிலிருந்து கணக்கிட்டு எடுக்கக்கூடிய சங்கதி அல்ல. அது மூன்றாவது, தனி உறவு.

எங்கள் ஊரில் இதை விளங்கப்படுத்துவது லேசு. "மச்சான்" என்பது ஓர் ஆளின் குணமா? அடையாள அட்டையில் அதற்கு ஒரு பெட்டி இருக்கிறதா? ஒருவர் எனக்கு மச்சான், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சித்தப்பா, சந்திக் கடைக்காரருக்கு ஆரென்றே தெரியாத ஆள். இரண்டு பேரைக் காட்டினால்தான் உறவுப் பெயர் சொல்லலாம். உராய்வுக் குணகமும் இரண்டு பேரைக் கேட்கிற சொல். இன்னும் பொருத்தம் என்னவென்றால், அது மாமன், மருமகன் மாதிரி ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் வேறுமாக இருக்காது. நான் உனக்கு மச்சான் என்றால் நீயும் எனக்கு மச்சான். நெல்–தகரம் எதுவோ தகரம்–நெல்லும் அதுவே.

ஆகவே எழுத வேண்டியது பட்டியல் அல்ல, சதுர அட்டவணை. மூன்று பொருள் என்றால் மூன்றுக்கு மூன்று. இரு பாதியும் ஒன்றேயாதலால் வேறுபட்ட எண்கள் ஆறு. நாலு பொருளுக்குப் பத்து, ஐந்துக்குப் பதினைந்து. பொருளுக்கு ஓர் எண் என்று வைத்திருப்பவர் ஐந்து எண்களைக் கொண்டு பதினைந்து சோடிகளைச் சமாளிக்கப் பார்க்கிறார். ஒரு சோடியைச் சரிப்படுத்த ஓர் எண்ணைத் திருகினால் அந்தப் பொருளின் மற்ற எல்லாச் சோடிகளும் சேர்ந்து ஆடும்.

இப்படி இரண்டு எண்களைக் கலந்து ஒன்றாக்குகிற கலப்பு விதிகள் ஏன்தான் இருக்கின்றன என்றால், சோம்பலுக்காக என்று சொல்வது அநியாயம். கணினி விளையாட்டில் நூற்றுக்கணக்கான பொருள்கள் வரும். ஒவ்வொரு சோடிக்கும் ஆர் எண் தேடுவது? விளையாட்டுகளுக்குள் இயற்பியலைக் கணக்கிடுகிற நிரல்களில் பொக்ஸ்2டி இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறது. புல்லட் வெறுமனே பெருக்குகிறது. யூனிற்றியில் சராசரி, சிறியது, பெரியது, பெருக்கம் என்று நாலில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். இவற்றில் எதற்கும் இயற்பியலில் வேர் கிடையாது. பனிக்கட்டி எதோடு பட்டாலும் வழுக்கினால் போதும், விளையாடுகிறவருக்கு உறுத்தாது. ஆராய்ச்சிக்கென்று எழுதப்பட்ட யேட் நிரலும் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் இரண்டு உராய்வுக் கோணங்களில் சிறியதைத்தான் எடுக்கும், ஆனால் சோடிக்குச் சோடி எண் கொடுக்க அதில் வழி இருக்கிறது. அதே வகையான லிக்ஸ் (LIGGGHTS) நிரல் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் பிடிவாதம்: சதுர அட்டவணை முழுவதையும் எழுதித் தராவிட்டால் அது ஓடவே ஓடாது. என்னைப் போன்றவர்களுக்கு அந்த மாதிரி ஆசிரியர்தான் வேண்டும்.

இந்த மயக்கம் என்னோடு தொடங்கியதல்ல. 1699இல் பிரான்சில் அமொன்ரன் இரும்பு, செம்பு, ஈயம், மரம் என்று விதம் விதமாக உரசிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் உராய்வு அழுத்துகிற விசையில் மூன்றில் ஒன்றுதான் என்று சொன்னார். பொருளுக்கு ஓர் எண் கூட இல்லை, உலகத்துக்கே ஓர் எண்! ஆனால் அவர் எல்லாப் பரப்பிலும் பன்றிக்கொழுப்புப் பூசியிருந்தார். அவர் அளந்தது பெரும்பாலும் கொழுப்பைத்தான் என்று நான் நினைக்கிறேன். பிறகு கூலோம் 1785இல் மரத்தை மரத்தோடும் மரத்தை இரும்போடுமாகச் சோடி சோடியாக வைத்து அளந்தார், எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தது என்பதைக் கூட விடவில்லை. எங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள சூத்திரம் அவர் பெயரில்தான் வழங்குகிறது. சூத்திரத்தை வைத்துக்கொண்டு சோடியை விட்டுவிட்டோம்.

சோடியாக இருப்பதற்குக் காரணம் பரப்பின் கீழ்மட்டத்தில் இருக்கிறது. எவ்வளவு மினுக்கினாலும் பரப்பு என்பது மேடும் பள்ளமும். இரண்டு பரப்புகள் தொடுகிறபோது உண்மையில் தொடுவது சில மேடுகளின் உச்சிகள் மட்டும். பவுடன், ரேபர் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காட்டியது இதுதான்: அந்தச் சின்னஞ்சிறு இடங்களில் எது மென்மையோ அது நசிகிறது, ஒட்டிக்கொள்கிறது, வழுக்கும்போது அந்த ஒட்டு அறுகிறது. எது நசியும், எது எதை உழும், இடையில் துருவா தூசியா எண்ணெயா என்பதெல்லாம் வந்திருக்கிற இருவரைப் பொறுத்தது. மெத்தென்ற உமி உருக்கில் ஒரு மாதிரி, உருக்கு உருக்கில் வேறு மாதிரி.

துணிக்கைகளை வைத்துக் கணக்கிடுகிற வேறொரு முறையில் நிலைமை இன்னும் வேடிக்கை. பொருட்புள்ளி முறை என்பார்கள். துணிக்கைகள் தமது வேகத்தை ஒரு பொது வலையில் எழுதி, வலையிலிருந்து திரும்பப் படித்துக்கொள்ளும். ஒரே வலை முடிச்சில் நெல்லும் தகரமும் எழுதினால் இரண்டுக்கும் ஒரே வேகம் வந்துவிடும். அதாவது பசை போட்டு ஒட்டியது போல. அங்கே உராய்வு எண்ணுக்கு இடமே இல்லை. பொருளுக்கொரு வேகத்தை அதே வலையில் தனித்தனியே வைத்து, அவை தொடுகிற முடிச்சில் மட்டும் உராய்வைக் கணக்கிடும் வழியைப் பார்டன்ஹேகனும் கூட்டாளிகளும் 2000இல் கொடுத்தார்கள். அங்கும் கடைசியில் வந்து நிற்பது சோடிதான்.

பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். நான் அளந்துகொண்டிருந்த விறாந்தையின் மறு கரையில் சுளகோடு இருந்தார். பனையோலைச் சுளகு, விளிம்பில் பிரம்பு சுற்றியது. அரிசியைப் போட்டு மேலே எறிந்து ஏந்துவது புடைத்தல், உமியும் தூசியும் காற்றோடு போகும். பக்கவாட்டில் அலைத்து அலைத்து நகர்த்துவது கொழித்தல், அதில் குறுணியும் கல்லும் அரிசியை விட்டுப் பிரிந்து வேறு வழியாகப் போய்ச் சேரும். புடைப்பதில் பெரும்பங்கு காற்றுக்கு. கொழிப்பதில் எடைக்கும் பருமனுக்கும் பங்கு இருந்தாலும், ஓலைக்கும் மணிக்கும் இடையிலான பிடியில்லாமல் அது நடக்காது. போன வருடம் மகள் வாங்கிக் கொடுத்த பிளாஸ்ரிக் சுளகு ஒன்று குசினிச் சுவரில் தொங்குகிறது.

"அது ஏன் பெரியம்மா பாவிக்கிறதில்லை?"

"அதிலே எல்லாம் ஒரேயடியாய் வழுக்கும் மோனே. கல்லும் அரிசியும் ஒன்றாய்க் கையைப் பிடித்துக்கொண்டு வரும்."

அதே அரிசி, அதே கல், அதே கை. ஓலை பிளாஸ்ரிக் ஆனதும் இரண்டு சோடிகளின் எண்களும் மாறி, அவற்றுக்கிடையில் இருந்த வித்தியாசம் போய்விட்டது. நான் ஆறு பெட்டி அட்டவணை போட்டு விளங்கிக்கொண்டதை அவர் ஒரு வசனத்தில் முடித்துவிட்டுச் சுளகைத் தட்டினார்.

அட்டவணையை எழுதினேன். ஆறு பெட்டிகளில் மூன்றுக்கு வேலையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தகரம்–தகரம், பலகை–பலகை, தகரம்–பலகை: சுவர்கள் ஒன்றோடொன்று உரசுவதில்லை, அங்கே என்ன எழுதினாலும் ஒன்றுதான். ஆனால் நிரல் கேட்கும், ஆகவே 0.5 என்று நிரப்பினேன். முக்கியமானவை நெல்லின் வரிசையில் உள்ள மூன்று. அதையும் முதல் ஓட்டத்தில் கெடுத்தேன். வரைபடத்தில் பலகைச் சுவருக்கு இலக்கம் 2, அட்டவணையில் இலக்கம் 2 தகரம். திரையில் நெல் தகரப் பக்கம் ஒட்டிக்கொண்டு பலகைப் பக்கம் வழுக்கியது. மில்லில் கண்ணால் பார்த்திராவிட்டால் அதையும் நம்பி மாமாவுக்கு இன்னொரு போன் எடுத்திருப்பேன்.

இலக்கத்தை மாற்றியபின் திரையிலும் நடுவில் குழி விழுந்தது, பலகை மூலைகளில் நெல் நின்றது. ஆனாலும் முழு உண்மை இல்லை. பந்து பந்துதான், நெல் நீளம். பந்து உருள ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும், நழுவாமலே உருண்டு இறங்கிவிடும். மியூவை எவ்வளவு கூட்டினாலும் பந்துக் குவியல் நெற்குவியலின் சரிவுக்கு நிற்காது. அதனால் உருளல் தடை என்று இன்னோர் எண்ணைச் சேர்த்து, ஒரு குழாயில் நெல்லை நிரப்பிக் குழாயை உயர்த்தி, கீழே குவிகிற நெல்லின் சரிவும் திரைக் குவியலின் சரிவும் ஒன்றாகும் வரை திருகினேன். இந்த எண்ணை நான் அளக்கவில்லை, பொருத்திக்கொண்டேன். அந்த வித்தியாசத்தை மறைப்பவர்களோடு எனக்குக் கோபம் உண்டு. சுவரோடான எண்ணை அளக்கலாம், அளக்க வேண்டும். மணிக்கு மணியான எண் உருவத்தின் பிழையையும் சேர்த்துச் சுமக்கிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒரே மாதிரி எழுதினாலும் அவற்றின் சாதி வேறு. தானியக் களஞ்சியங்களையும் கூம்புகளையும் வடிவமைக்க 1964இல் ஜெனிக்கி எழுதி வைத்த முறையிலும் சுவர் உராய்வு தனிச் சோதனைதான்: உண்மையான சுவர்ப் பொருளின் தட்டில் உண்மையான தானியத்தை வைத்து அழுத்தி இழுத்துப் பார்ப்பது. நான் விறாந்தையில் செய்ததன் ஒழுங்கான வடிவம்.

மாமாவிடம் இரண்டு விசயம் சொன்னேன். பலகைப் பக்கங்களின் உட்புறம் மிஞ்சிய தகரத்தை அறையுங்கள். சரிவை 40 பாகைக்கு ஏற்றுங்கள், அப்போது மூலை 30 பாகைக்குச் சற்று மேலே வரும். இரண்டாவது அவருக்குப் பிடிக்கவில்லை, வாய் பழையபடி உயரும் என்பதால். கடைசியில் சாக்குத் தூக்குகிறவன் ஏறி நிற்க இரண்டு கொங்கிறீற் கல் வைத்தார்கள். நெல் இறங்கியது. ஒரு மாதம் போனபின் தகரம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. உமியில் சிலிக்கா அதிகம், அது தகரத்தைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கிவிட்டது. திரும்ப அளந்தபோது 22 பாகை. அட்டவணையில் ஒரு பெட்டியை வெட்டித் திருத்தினேன்.

காலபோக அறுவடை முடிந்த கையோடு மாமா எடுத்தார். மழை நேரத்தோடு விடவில்லை, சிலர் நெல்லைச் சரியாகக் காயவிடாமல் கொண்டுவருகிறார்களாம். "திரும்பவும் மூலையில் நிற்கிறது தம்பி. உம்முடைய பலகையைக் கொண்டு ஒருக்கால் வாரும்."

கொடிகாமம் பஸ்ஸில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மெஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஈரநெல்லைச் சட்டப் பெட்டிக்குள் நிரப்பி, தொட்டியிலிருந்து கழற்றிய அதே மினுங்கல் தகரத்தின் மீது வைத்து, முனையை உயர்த்தத் தொடங்கினேன். பாகைமானியை மாமாவே பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். இருபத்திரண்டு. இருபத்தைந்து. இருபத்தெட்டு. முப்பதிலும் பெட்டி அசையவில்லை.

"உயர்த்தும், உயர்த்தும்" என்றார் மாமா.

முப்பத்தொன்று.